கிரிக்கெட் எழுதியவர் நவாபுகளையும் எழுதினார்



பொதட்டூர்பேட்டையில் அஸர் தொழுகை முடிந்ததும் நம் மதரஸா மாணவர்கள் மட்டையும் பந்துமாக வெளியே ஓடிவிடுவார்கள். மஃக்ரிப் பாங்கு ஒலிக்கும் வரை தறிச் சத்தத்தையும் மீறி அவர்களுடைய கூச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். "ஓதுகிற பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எதற்கு?" என்று ஜமாஅத்தின் மூத்தவர்கள் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. தொழுகைக்கு நேரத்தில் வந்துவிடுகிற வரையில் நாம் தடுப்பதில்லை. ஆனால் அந்த விளையாட்டிலிருந்தே நமக்கு ஒரு வரலாற்றுப் பாடம் வந்து சேரும் என்று நாம் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஒரு நாள் பாடம் முடிந்து கிதாபுகளை மூடும் வேளையில் ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், சேப்பாக்கம் ஸ்டேடியம் இருக்கிற இடம் முன்னாடி நவாபோட தோட்டமாமே, நிஜமா?" என்று கேட்டான். ஆம் என்றோம். "எந்த நவாப்? எப்படிக் கையைவிட்டுப் போச்சு?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு நம்மிடம் விடையில்லை. நாளை சொல்வதாகக் கூறி அனுப்பிவைத்தோம்.

அன்றிரவு நமக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. பனூ உமய்யாக்களின் கலீஃபாக்களை வரிசைப்படுத்திச் சொல்லத் தெரிந்த நமக்கு, நாம் குடியிருக்கும் மண்ணை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆண்ட முஸ்லிம் ஆட்சியாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. தேடத் தொடங்கினோம். தேடலில் கிடைத்தது 1984இல் டெல்லி அபினவ் பதிப்பகம் வெளியிட்ட ஓர் ஆங்கில நூல்: "பொலிடிகல் ஹிஸ்டரி ஆஃப் கர்நாடிக் அண்டர் தி நவாப்ஸ்". எழுதியவர் பெயர் என். எஸ். ராமசாமி. அவர் எழுதிய பிற நூல்களைத் தேடியபோது, அதே பதிப்பகம் 1975இல் வெளியிட்ட "போர்பந்தர் டு வடேகர்" என்ற கிரிக்கெட் நூல் அதே பெயரில் தென்பட்டது. ஒரே பெயர் கொண்ட இருவர் என்றுதான் முதலில் எண்ணினோம். இருவர் அல்லர், ஒருவரே. சென்னையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் கிரிக்கெட் எழுதிப் பெயர்பெற்ற அதே பத்திரிகையாளர்தாம் ஆற்காட்டு நவாபுகளின் வரலாற்றையும் எழுதியிருக்கிறார்.

கிரிக்கெட் எழுத்தாளர் என்ற தொழில் அன்று எத்தகையது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டதே 1975 ஆகஸ்டில்தான். அதற்கு முன் டெஸ்ட் ஆட்டம் என்றால் மைதானத்துக்குச் சென்றவர்கள் கண்டார்கள், மற்றவர்கள் வானொலியில் கேட்டார்கள், மறுநாள் காலையில் செய்தித்தாளில் படித்தார்கள். ஐந்து நாளும் பகல் முழுதும் உட்கார்ந்து பார்த்து, மாலைக்குள் எழுதி முடித்து, காணாதவன் கண்முன் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கண்டவன் மறுநாள் படித்துவிட்டு, "அப்படி நடக்கவில்லையே" என்று சொல்லிவிடவும் கூடாது. ஆயிரக்கணக்கானோர் நேரில் பார்த்த ஒன்றை எழுதுகிறவன் பொய் சொல்ல இயலாது. வரலாற்றாசிரியருக்கு இத்தகைய காவல் வாய்ப்பதில்லை, அவர் எழுதுவதைக் கண்ட சாட்சி யாரும் உயிரோடு இல்லை.

ராமசாமி விளையாட்டோடு நின்றவரும் அல்லர். ஆந்திரத்தின் அமராவதி பௌத்தத் தூபியைப் பற்றியும், மாமல்லபுரத்தைப் பற்றியும், சென்னை நகரம் தோன்றிய கதையைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். பௌத்தத் தூபி, பல்லவர் கடற்கரை, ஆங்கிலேயர் கோட்டை, முஸ்லிம் நவாபுகள் என எந்தச் சமயத்தாருடையது என்று பாராமல் தம்மைச் சுற்றியிருந்த நிலத்தில் நடந்தது அனைத்தையும் எழுதத் தகுந்ததாக அவர் கருதியிருக்கிறார் என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

அந்தக் கிரிக்கெட் நூலின் தலைப்பையே சற்று நின்று பார்ப்போம். போர்பந்தர் என்பது ஊரின் பெயராயினும் இங்கே ஒரு மன்னரைக் குறிக்கிறது. 1932இல் இந்திய அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்காக இங்கிலாந்து சென்றபோது அந்தப் பயணத்துக்குத் தலைமை வகித்தவர் போர்பந்தர் மகாராஜா. ஆட்டத்திறனால் அன்று, அரச குலத்தவர் என்பதால் வந்த தலைமை. அந்தப் பயணத்தில் அவர் எடுத்த ஓட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆயினும் அவரிடம் ஓர் அதபு இருந்தது. தம் அளவை அறிந்து, ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கிய டெஸ்ட் ஆட்டத்தில் ஒதுங்கிக்கொண்டு, சி. கே. நாயுடுவைத் தலைவராக இறங்கச் செய்தார். பதவியைத் தாமாக விட்டுக்கொடுத்தவர்களைப் பற்றி வரலாற்றில் நாம் அடிக்கடி படிப்பதில்லை என்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

அந்த முதல் டெஸ்டில் ஆடிய பதினொருவரில் நால்வர் முஸ்லிம்கள்: முகம்மது நிசார், ஜஹாங்கீர் கான், வஸீர் அலி, நஸீர் அலி. அன்று காலை நிசாரின் வேகப்பந்து சட்கிளிஃபையும் ஹோம்ஸையும் வீழ்த்த, இங்கிலாந்து 19 ஓட்டத்துக்கு 3 விக்கெட்டுகளை இழந்து நின்றது. முதல் இன்னிங்ஸில் நிசார் 93 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். இந்திய டெஸ்ட் வரலாற்றின் முதல் விக்கெட்டை எடுத்தவர் பஞ்சாபின் ஹோஷியார்பூரில் பிறந்த அந்த முஸ்லிம் இளைஞர்தாம் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? 1936இல் ஜஹாங்கீர் கான் வீசிய பந்தில் அடிபட்டு இறந்த ஒரு சிட்டுக்குருவி லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. இதை மட்டும் சொன்னால் போதும், நம் மாணவர்கள் அவரை மறப்பதேயில்லை!

தலைப்பின் மறுமுனையில் இருப்பவர் அஜித் வடேகர், ஸ்டேட் வங்கியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1971 ஜனவரியில் பட்டோடி நவாபை மாற்றிவிட்டு வடேகரை அணித்தலைவராக்கினார்கள். தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்ட் தம் கூடுதல் வாக்கைச் செலுத்தியதால் வந்த முடிவு அது. அதே ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா முதன்முறையாக டெஸ்ட் ஆட்டங்களை வென்று இரு தொடர்களையும் கைப்பற்றியது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சோபர்ஸையும் லாயிடையும் அடுத்தடுத்து வீழ்த்தி வெற்றிக்கு வழி திறந்தவர் சலீம் துரானி. ஆகஸ்ட் 24 அன்று ஓவல் மைதானத்தில் வெற்றிக்கான ஓட்டங்களை எடுத்தவர் ஹைதராபாத்தின் சையித் ஆபித் அலி. அந்த ஆண்டின் இறுதியில் மன்னர் மானியமும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆக, "போர்பந்தர் முதல் வடேகர் வரை" என்பது அரண்மனையிலிருந்து வங்கி அலுவலகத்துக்கு இந்தியக் கிரிக்கெட் நடந்துவந்த பாதையின் பெயர். விளையாட்டின் ஊடே மன்னர்களின் முடிவைக் கண்டவர் பின்னர் நவாபுகளின் முடிவை எழுத முற்பட்டதில் நமக்கு வியப்பில்லை.

உலகில் இதற்கு இணையான ஒருவரையும் குறிப்பிட வேண்டும். டிரினிடாட் தீவைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் இங்கிலாந்தில் மான்செஸ்டர் கார்டியன் நாளிதழுக்குக் கிரிக்கெட் எழுதிப் பிழைத்தவர். அவரே 1938இல் ஹெய்ட்டி நாட்டின் கறுப்பின அடிமைகள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து விடுதலை பெற்ற வரலாற்றையும் எழுதினார். அது இன்றளவும் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது. அவருக்கு அது தம் சொந்த மக்களின் கதை. ராமசாமிக்கு நவாபுகள் தம் சமயத்தாரும் அல்லர், தம் குலத்தாரும் அல்லர். ஜேம்ஸைவிட ராமசாமி பெரியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் வீட்டு வரலாற்றை எழுத அடுத்த வீட்டுக்காரர் பேனா எடுத்திருக்கிறார் என்பதுதான் நம் மனத்தில் தைக்கிறது.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவர் நவாப் முகம்மது அலி வாலாஜா. ஆண்டு 1768. ஆற்காட்டை விட்டுவிட்டு, ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை அமைத்துக்கொள்ள அவர் முதலில் விரும்பினார். அது கைகூடாததால் கோட்டைக்குச் சற்றுத் தெற்கே, கடலை நோக்கிய தோட்டத்தில் மாளிகை எழுந்தது. ஓர் ஆட்சியாளர் தம் தலைநகரை விட்டு, தம்மைக் காப்பதாகச் சொல்லும் வணிகக் கம்பெனியின் பீரங்கி நிழலில் வந்து குடியேறுகிறார் என்றால், பாதி வரலாறு அதிலேயே அடங்கிவிட்டது.

அதற்கு முந்திய பாதி நம் பகுதியில் நடந்தது. செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட ஔரங்கஸீப் அனுப்பிய சுல்ஃபிகார் கானிலிருந்து கர்நாடக நவாபுகளின் வரிசை தொடங்குகிறது. இங்கே கர்நாடகம் என்பது இன்றைய பெங்களூர் மாநிலம் அன்று, ஆற்காட்டைச் சூழ்ந்த நம் தமிழ் நிலமும் அதையொட்டிய தெலுங்கு நிலமும் சேர்ந்த பரப்பு. அவருக்குப் பின் தாவூத் கான். பின்னர் நவாயத் குடும்பத்தைச் சேர்ந்த சஆதத்துல்லாஹ் கான் ஆற்காட்டைத் தலைநகராக்கி 1732 வரை ஆண்டார். அடுத்து வந்த தோஸ்த் அலி கான் 1740 மே மாதம் தாமலசெருவுக் கணவாயில் மராட்டியப் படையோடு போரிட்டுக் கொல்லப்பட்டார். தாமலசெருவு எங்கோ தொலைவில் இல்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி அது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றப்படும் வரை நம் ஊரும் திருத்தணியும் அதே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன. நம் பாட்டனார்கள் பட்டா மாற்றுவதற்கும் வழக்குக்கும் சித்தூருக்குத்தான் நடையாக நடந்தார்கள். அதற்கும் முன்னே இது கார்வேட்நகர் ஜமீன், அந்த ஜமீன் ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டியது. திருத்தணி மலையின் அடிவாரம் நவாபின் ஆட்சி எல்லைக்குள் இருந்தது என்று சொன்னபோது மாணவர்கள் நம்மை ஐயத்தோடுதான் பார்த்தார்கள்.

தோஸ்த் அலிக்குப் பின் அவருடைய மகன் சஃப்தர் அலி 1742இல் வேலூரில் கொலையுண்டார். சஃப்தர் அலியின் சிறுவயது மகனும் 1744இல் ஆற்காட்டில் கொலையுண்டான். இரண்டுமே எதிரி நாட்டார் செய்தவை அல்ல, உட்பகை. அந்தக் குடும்பத்தின் ஆட்சி அத்தோடு முடிந்தது. ஹைதராபாத் நிஜாம் அனுப்பிய அன்வருத்தீன் கான் புதிய நவாபானார். அவரும் 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தார். அவருடைய மகன்தான் சேப்பாக்கம் கட்டிய முகம்மது அலி. தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாஹிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. 1751இல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான் என்று நம் பள்ளிப் பாடநூல்கள் பெருமையாகச் சொல்கின்றன. இரு முஸ்லிம் குடும்பங்கள் ஓர் இருக்கைக்காக இரு வெள்ளைக் கம்பெனிகளை வீட்டுக்குள் அழைத்துவந்தன என்று அதே செய்தியைச் சொல்லிப் பார்த்தால் பெருமை எங்கே போகிறது? சந்தா சாஹிப் 1752இல் திருச்சிராப்பள்ளி அருகே தலை வெட்டப்பட்டார். மதுரையில் கம்பெனிக்கும் நவாபுக்கும் உழைத்துப் பின் பகைத்துக்கொண்ட கான் சாஹிப் யூசுஃப் கான், நம் மக்கள் மருதநாயகம் என்று அறிந்தவர், 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

முகம்மது அலி வென்றார். 1765இல் டெல்லிப் பாதுஷாவின் ஃபர்மான் அவருக்கு நிஜாமின் பிடியிலிருந்து விடுதலை தந்தது. அவருடைய வெற்றிக்குப் பின் நடந்ததைத்தான் நம் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். போர்ச்செலவுக்குக் கம்பெனிக்குக் கடன் பட்டார். அந்தக் கடனை அடைக்கக் கம்பெனி ஊழியர்களிடம் தனித்தனியே கடன் வாங்கினார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 20க்கும் மேல். சேப்பாக்கம் மாளிகையைக் கட்டித் தந்தவராகச் சொல்லப்படும் பால் பென்ஃபீல்டே கடன்கொடுத்தவர்களில் முதன்மையானவர். கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக்கொடுத்தது பொன்னையோ மணியையோ அல்ல, மாவட்டங்களின் நிலவரியை. கடன்காரனின் ஆட்கள் ஊருக்குள் வந்து உழவனிடம் வரி தண்டினார்கள். ரிபாவின் தீங்கை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் அடகு வைத்த வீட்டையும் நகையையும் உதாரணம் காட்டிவந்தோம். ஓர் அரசே அதில் கரைந்துபோன உதாரணம் நம் காலடியில் கிடந்திருக்கிறது.

இந்தக் கடன் விவகாரத்தின் பூசலில் சென்னை ஆளுநர் பிகாட்டையே 1776இல் அவருடைய சபையினர் சிறைவைத்தார்கள். அவர் காவலிலேயே மறுஆண்டு இறந்தார். 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நீண்டதோர் உரை ஆற்றினார். 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிய போரும் இந்தக் காலத்ததே. சோளிங்கர் நமக்கு அக்கம்பக்கத்து ஊர். அங்கே பெண் கொடுத்து, பெண் எடுத்திருக்கிறோம். அந்தப் போரைப் பற்றி ஒரு வார்த்தையும் நம் வீட்டுப் பேச்சில் வந்ததில்லை.

1795இல் முகம்மது அலி இறந்தார், திருச்சி நத்ஹர் வலி தர்காவில் அடக்கம். மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்தபோது, திப்பு சுல்தானோடு ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, அடுத்து வந்த அஸீமுத்தௌலாவிடம் கம்பெனி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கியது. ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு. நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும். 1855இல் குலாம் கவுஸ் கான் ஆண் வாரிசின்றி இறக்க, பட்டமும் இல்லை என்றார்கள். மாளிகை 1859இல் அரசின் கைக்குப் போயிற்று. 1865இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் சேப்பாக்கம் வளாகத்தில் ஆடுகளம் அமைத்தது. கேள்வி கேட்ட மாணவனுக்கு நம் விடை இதுதான்: வாளால் போகவில்லை மகனே, முதலில் வட்டியாலும் கையெழுத்தாலும் போயிற்று. பிறகுதான் ஆடுகளமாயிற்று. 1867இல் அந்தக் குடும்பத்துக்கு ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் மட்டும் தரப்பட்டது. இராயப்பேட்டை அமீர் மஹாலில் அது இன்றும் தொடர்கிறது.

அந்த மைதானத்தில்தான் 1934இல் சென்னையின் முதல் டெஸ்ட் ஆட்டமும், அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் நடந்தன. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். 1975 ஜனவரியில், ராமசாமியின் கிரிக்கெட் நூல் வெளிவந்த அதே ஆண்டில், ஜி. ஆர். விஸ்வநாத் மேற்கிந்தியரின் வேகத்தை எதிர்த்து ஆட்டமிழக்காமல் 97 ஓட்டம் எடுத்தார். அன்று இந்தியாவுக்கு மீண்டும் தலைவராக நின்றவர் பட்டோடி. ஒரு நவாப் இழந்த தோட்டத்தில் இன்னொரு நவாப் குடும்பத்துப் பிள்ளை தலைமை தாங்கி 100 ஓட்டங்களில் வென்றார். அங்கே அமர்ந்து எழுதுகிற பத்திரிகையாளரின் கண்ணுக்கு எதிரே மாளிகையின் கும்மட்டங்கள் தெரிந்திருக்கும், பக்கத்துச் சாலைக்கே வாலாஜா சாலை என்றுதான் பெயர். ஆயிரம் பேர் அந்தச் சாலையில் நடந்து போனார்கள். வாலாஜா யார் என்று போய்ப் பார்த்து எழுதியவர் ராமசாமி.

இந்நூலை நாம் குறையின்றிப் புகழ வரவில்லை. அரசியல் வரலாறு என்று தலைப்பிலேயே எல்லை வகுத்துக்கொண்ட நூல் இது. போர், உடன்படிக்கை, கடன், வாரிசு ஆகியவையே இதன் களம். மதரஸாவிலிருந்து பார்க்கிற நமக்கு வாலாஜாவின் இன்னொரு முகமும் தெரியும். தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மகனார், லக்னோ ஃபிரங்கி மஹலின் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்களைச் சென்னைக்கு வரவழைத்துக் கண்ணியப்படுத்தியவர் இதே முகம்மது அலி. நாம் இன்று ஓதிக்கொடுக்கும் பாடத்திட்டத்தைத் தந்தவரின் மகனார் சென்னை மண்ணில் பாடம் நடத்தினார் என்பது நமக்குப் போர்களைவிடப் பெரிய செய்தி. கடன்பட்டுக் குடிகளை வாட்டியவரும் அவரே, ஆலிம்களை ஆதரித்தவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. நம் மேடைகளில் இரண்டாவதை மட்டும் சொல்கிறோம், பாடநூல்கள் முதலாவதை மட்டும் சொல்கின்றன.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால் யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நம்பத்தக்கவரா என்று கேட்பதே முதல் பாடம். நம் முன்னோர் பற்றிய கதைகளுக்கு மட்டும் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கிரிக்கெட்டின் ஸ்கோர் புத்தகம் அந்த வகையில் ஓர் ஒழுங்கு. யார் வீசினார், யார் பிடித்தார், எத்தனை ஓட்டம் என்று இரு அணிக்கும் ஒரே கோட்டில் எழுதியாக வேண்டும். விருப்பமான அணிக்கு ஓர் ஓட்டம் கூட்டிப் போட இயலாது. அதில் பழகிய கை ஒன்று நவாபுகளைத் தொட்டது நமக்கு நன்மையே என்று நினைக்கிறோம்.

மூலநூல்கள் இல்லாமலும் இல்லை. வாலாஜாவின் அவையில் புர்ஹான் இப்னு ஹஸன் பாரசீகத்தில் எழுதிய துஸுகே வாலாஜாஹியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ். முகம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்து, பல்கலைக்கழகம் 1934இலும் 1939இலும் இரு பகுதிகளாக வெளியிட்டது. சஆதத்துல்லாஹ் கானின் வரலாறான சஈத் நாமாவை எழுதியவர் ஜஸ்வந்த் ராய் என்ற இந்து. 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு வரிகளை இயற்றியவர் ராஜா மக்கன் லால், அவரும் இந்துவே. ஆக, ராமசாமி புதுவழியில் வந்தவர் அல்லர். நவாபுகளுக்கு எழுதுகிற இந்து அறிஞர்களின் பழைய வரிசையில் இருநூறு ஆண்டுக்குப் பின் வந்து சேர்ந்தவர். குறையெல்லாம் நம் பக்கத்தில். பாரசீகத்தில் இருந்ததை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர ஒரு நயினார் வந்தார், ஆங்கிலத்தில் தொகுக்க ஒரு ராமசாமி வந்தார். நம் பிள்ளைகள் எளிதாக எடுத்துப் படிக்கும் தமிழில் இதைக் கொண்டுவந்து தர வேண்டியவர்கள் உறங்கிக்கொண்டிருக்கிறோம். பட்டயம் பெற்று இருபது ஆண்டு பாடம் நடத்திய நாமும் அந்த உறக்கத்தில் இருந்தவர்களே.

விளையாட்டையும் நூலையும் ஒருசேர நேசித்தவர் நம்மிடையே இல்லாமலும் போகவில்லை. தமிழில் கிரிக்கெட் வருணனை என்றதும் பல முஸ்லிம் வீடுகளில் நினைவுக்கு வரும் குரல் மர்ஹூம் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களுடையது. வானொலிக் கலைஞர், நூலாசிரியர், 2020இல் மறைந்தார். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

இப்போது வியாழக்கிழமை இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் ராமசாமியின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிவருகிறோம். நம் ஆங்கிலம் அவ்வளவு கூர்மையானதல்ல. கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் உடன் உட்கார்ந்து உதவுகிறார். தாமலசெருவுக்கு வேன் வைத்துப் போய்ப் பார்க்கலாம் என்று பெற்றோரில் இருவர் முன்வந்திருக்கிறார்கள், முழுஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவன் சென்ற வாரம் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஸ்கோர் அட்டை போலவே கோடு கிழித்து நவாபுகளின் பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே எப்படி ஆட்டமிழந்தார் என்று ஒரு கட்டம் போட்டிருந்தான். தோஸ்த் அலி, தாமலசெருவு, மராட்டியர். சஃப்தர் அலி, வேலூர், சொந்தக்காரர். அன்வருத்தீன், ஆம்பூர், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாஹிபும். முகம்மது அலி வாலாஜா கட்டிலில் இறந்தவர் என்பதால் அவருக்கு எதிரே "நாட் அவுட்" என்று எழுதியிருந்தான். கடன் பற்றிய பகுதியைப் படித்து முடிக்கும் வரை அந்த ஒரு கட்டத்தைப் பென்சிலிலேயே வைத்திருக்கச் சொன்னோம்.